இழுத்துக் கட்டிய ஃபேன் பெல்ட்

ஃபேன் பெல்ட்டை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். மாட்டிய பிறகு கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஸ்பேனர் பிடித்துப் பிழைத்தவர்களே, உங்களுக்கும் ஒரு முனிரத்தினம் அண்ணன் வாய்த்திருப்பார். அறுபதுகளில் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஷெட் வைத்திருந்தபோது என் உயிரை வாங்கியவர் அவர்தான்.

முதல் அழுகை

அண்ணன் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களை கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்குகிற இன்ஜின் அவர் கையில். டாக்சி விடலாம் என்று பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அது தெருமுனையிலேயே கிறீச்சென்று அழுதுகொண்டு வந்தது. பானெட்டைத் திறந்தால், பெல்ட்டை இழுத்த இழுப்பில் டைனமோ பேரிங் தேய்ந்து கிடக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தி, நடுவில் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினேன். அரை அங்குலம் அமுங்கணும் அண்ணே, அதான் கணக்கு என்றேன். மனுஷன் பதறிப்போனார்.

"இன்னா தம்பி, கேஜ் கயிறு தொங்குனா ஆளு செத்துடுவான். நீ தொங்க வுடுன்றியே!"

பேத்தமங்களா ரோட்டில்

வீட்டுக்குப் போய் பெல்ட்டை மறுபடி முறுக்கியிருக்கிறார். பேரிங் உடைந்து, சவாரியோடு வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. "உங்க கையை ஒடிச்சி அடுப்புல வெக்கலாமா?" என்று கத்தினேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. மகன் தாஸுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. வண்டி ஓடினால் அவன் டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம். நின்றால் அவனும் அப்பா இறக்குகிற அதே கேஜில் ஏறவேண்டியதுதான்.

"ஊரு புள்ளைங்கள எல்லாம் எறக்கறேன். எம் புள்ளைய எறக்க எனக்குக் கை வராதுப்பா."

ஜப்தி

அதற்காக விட்டுவிட முடியுமா? புது பேரிங், புது பெல்ட் போட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற ஸ்பேனர் எல்லாம் என் ஷெட்டுக்கு வந்தாகணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் சம்சாரம் ராஜம்மா அக்காதான் துணியில் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்.

"தலகாணிக்கு அடியில ஒண்ணு வச்சினு இருந்தாரு. அதையும் புடுங்கியாந்துட்டேன்."

ஷிஃப்டுக்கு முன்னால்

தாஸ் சுரங்கத்தில் சேரவேண்டிய நாள் வந்தது. அவன் அங்கே போகவில்லை. பங்காரப்பேட்டைக்குச் சவாரி போனான். அண்ணன் ஷிஃப்டுக்கு நேரம் நெருங்கியும் கிளம்பாமல் என் ஷெட் வாசலிலேயே நின்றார். எனக்கும் வேலை ஓடவில்லை. கடைசியில் வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. அண்ணன் தானே பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். சரியாக அரை அங்குலம். மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"இன்னிக்கு கேஜ் எறக்கறப்போ எனக்குக் கை நடுங்காதுப்பா."

அதற்கப்புறமும் பெல்ட்டை முறுக்கிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டத்தான் செய்தேன், ஆனால் வீட்டில் என்ன கவலை என்று கேட்டுவிட்டுத் திட்டினேன்.