பால் குடிக்கும் டிராகன்

எங்கள் விசா வழக்கின் முடிவு வரவிருந்த கிழமையில்தான் மகள் பள்ளிக்கூடத்தில் டிராகன்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. சொந்த நாட்டைவிட்டுப் படகில் வந்து பிளாக்டவுன் என்ற இந்தப் புறநகரில் குடியேறிய நாள்முதல் நானும் கணவரும் தற்காலிக விசாவில்தான் இருக்கிறோம். அவள் இங்கேயே பிறந்தவள். முடிவு பிழையாக வந்தால், அவள் ஒருநாளும் பார்க்காத ஊருக்கு அவளையும் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குள் டிராகன் ஒன்றுதான் குறைச்சல்.

நான் குசினியில் வெங்காயம் வெட்ட, அவள் கதிரையில் ஏறி நின்று பேசிப் பார்த்தாள். ஐரோப்பாவில் இடத்துக்கு இடம் டிராகன் வேறாம். நாலு கால், செட்டை, வாயில் நெருப்போடு ஒன்று புதையலின்மேல் படுத்திருக்குமாம். இன்னொன்றுக்கு இரண்டே கால், வாலில் நஞ்சு. ரஷ்யப் பக்கத்தில் மூன்று தலை, வெட்டினால் திரும்ப முளைக்குமாம். இங்கிலாந்தின் வடக்கே காலும் செட்டையும் இல்லாமல் கிணற்றுக்குள் வளர்ந்த ஒன்று, குன்றைச் சுற்றிப் படுத்துக்கொண்டதாம். ஊர்ச்சனம் அதற்குத் தினமும் தொட்டி நிறையப் பால் ஊற்றினதாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் பாம்புச் சாமியான நாகதம்பிரானுக்குப் பால் வார்த்து வளர்ந்த ஆட்கள். "அதுதான் பிள்ளை நல்லது. அந்தச் சனத்துக்கும் விளங்கியிருக்கு" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அது சாமி இல்லையாம், பயத்தில் ஊற்றின பாலாம். ஒருநாள் குறைந்தாலும் மரங்களைப் பிடுங்கி எறியுமாம்.

அவள் பேசுகிற அன்று காலை சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு வாசலில் நிற்கும்போதே லோயரின் ஃபோன் வந்தது. இம்முறையும் சரிவரவில்லை, ஆனால் திரும்பவும் மேன்முறையீடு செய்யலாம், அதுவரை இருக்கலாம் என்றார். பெரிய உபகாரம் செய்ததுபோல நன்றி வேறு சொன்னேன். என் வாயில் நானே அடிக்க வேண்டும்.

உள்ளே ரீச்சர், எந்த டிராகனுக்கு உங்களுக்கு அதிகம் பயம் என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் நெருப்புக்கு என்றார்கள். என் மகள் மட்டும் பால் குடிக்கிற டிராகனுக்கு என்றாள். எவ்வளவு ஊற்றினாலும் அது போகாது, அடுத்த நாளும் ஊற்ற வேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "லோயர் என்ன சொன்னவர்?"

"திருப்பியும் போடலாமாம்."

அவள் சாமிப் படத்தடியில் இருந்த கிண்ணத்தை எடுத்துப் போய்ப் பாலைச் சிங்கில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் பாலைக் கொட்டுவது பாவம். நான் அவளைத் தடுக்கவில்லை.