குன்னாரின் இடது முழங்கால்

காலை ஆறரை மணிக்கு எருமப்பட்டியில் நாமக்கல் பஸ் வந்து நின்றபோது அதற்குள் பாதி ஊர் ஏறியிருந்தது. இரண்டு கோழிக்கூடைகளைத் தாண்டி நானும் குன்னாரும் உள்ளே நுழைந்தோம். ஆறடிக்கு மேல் நல்ல உயரம் அவர். பஸ்ஸில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்க முடியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. நான் வேலை பார்த்த திருச்செங்கோட்டுப் போர்வெல் கம்பெனி புதிதாக ஒரு ரிக் வண்டி வாங்கியிருந்தது. அதன் கம்ப்ரசரை எங்கள் ஆட்களுக்குப் பழக்கிவிட மூன்று மாதம் தங்க வந்த சுவீடன்காரர் குன்னார். கல்லூரியில் இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு என்னை அவரோடு கோத்துவிட்டிருந்தார்கள். அந்த வாரம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு கடலைக்காட்டில் போர் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் நகர்ந்ததும் முன் சீட்டில் இருந்த விவசாயி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “ஏனுங்க சாமி, இப்பிடி வந்து உக்காருங்க. நாங்கெல்லாம் தினோம் போறவங்கதான்.”

குன்னார் சிரித்துக் கையை ஆட்டி மறுத்துவிட்டார். வெளிநாட்டுக்காரர் நிற்கும்போது நான் போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அந்தச் சீட்டு கொஞ்ச நேரம் காலியாகவே வந்தது. பிறகு ஒரு கோழிக்கூடை அதில் ஏறிக்கொண்டது.

“ஏன் உட்காரவில்லை?” என்று எரிச்சலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“முழங்காலைச் சோதிக்கிறேன்” என்றார்.

நாமக்கல்லில் ஏழேகாலுக்கு இறங்கி இட்லி சாப்பிட்டோம். அடுத்தது சேலம் பஸ். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், டிக்கெட் நாலு ரூபாய்க்குள். அதிலும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், அதிலும் குன்னார் மறுத்தார். புதுச்சத்திரம் வருவதற்குள் என் கால்கள் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. பேச்சில் வலி மறக்கும் என்று அவருடைய பழைய கதையைக் கிளறினேன்.

குன்னார் கால்பந்து ஆடியவர். பின்னால் நின்று எதிரியைத் தடுக்கும் ஆட்டக்காரர், நம் பையன்கள் ‘பேக்’ என்பார்களே, அது. பதினேழு வயதில் சொந்த ஊர்க் கிளப்பில் சேர்ந்திருக்கிறார். பகலில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை, சாயங்காலம் பயிற்சி. பிறகு மேற்கு ஜெர்மனியில் ஒரு கிளப் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது. இரண்டு வருடம் ஆட்டம் ஒன்றே தொழில். மூன்றாம் வருடம் இடது முழங்கால் திருகிக்கொண்டது. அறுவை செய்தும் சரியாகவில்லை. கிளப் கைகழுவிவிட்டது. ஊர் திரும்பித் துளைபோடும் எந்திரக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

“எத்தனை கோல் போட்டிருப்பீர்கள்?”

“ஒன்று. அதுவும் எங்கள் கோலுக்குள்ளேயே.”

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஆண்டகளூர் கேட் தாண்டியதும் குன்னார் விஷயத்துக்கு வந்தார். பழைய ஊர்க் கிளப் அவரை மறுபடி கூப்பிட்டிருந்தது. அங்கே பனி விலகிச் சித்திரை வாக்கில் ஆட்டம் தொடங்குமாம். கால் தாங்குமானால் வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு வயது முப்பத்திரண்டு. இதை விட்டால் இன்னொரு அழைப்பு வராது.

“கால் இப்போது வலிப்பதில்லை. ஆனால் ஓடி வருகிற ஒரு ஆளைத் தடுத்துப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்” என்றார்.

அதற்குத்தான் இந்தப் பயணம். எங்கள் ரிக்குக்குச் சாமான் கொடுக்கும் சேலம் கடையில் வேலை பார்த்த சவரிமுத்து, தன் கிறிஸ்தவப் பங்குக் கோயிலின் கால்பந்துக் குழுவை ஓய்வு நேரத்தில் பழக்குகிறவர். திருவிழாவுக்குக் குமாரபாளையம் குழுவோடு ஒரு ஆட்டம் வைத்திருந்தார். எங்கள் பக்கம் ஆட வாருங்கள் என்று அவர் கேட்டதும் குன்னார் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

சேலத்தில் ஒன்பதரைக்கு இறங்கினோம். குதிரை வண்டி கூப்பிட்டேன். நடந்தே போகலாம் என்றார். நடந்தோம்.

மைதானம் என்றால் புல் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. செம்மண்ணும் சரளையும்தான். சுற்றிலும் திருவிழாக் கூட்டம். சவரிமுத்து ஓடி வந்து குன்னாருக்கு ரோஜா மாலை போட்டார். பத்தரைக்கு விசில் ஊதினார்கள்.

ஆட்டம் தொடங்கியபின்தான் சிக்கலே புரிந்தது. குமாரபாளையம் ஆட்கள் எல்லோரும் விசைத்தறிப் பட்டறைக்காரர்கள். அவர்களின் முன்வரிசை ஆட்டக்காரர் செல்வராசு, தறி மெக்கானிக், ஒல்லியான ஆள், மின்னலாக ஓடினார். எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கடந்து வருவார். குன்னார் எதிரே வந்ததும் டக்கென்று நின்று, பந்தை அவர் காலடிக்கே உருட்டிவிடுவார். கூட்டம் கைதட்டும். கார்னரில் இருந்து பந்து உயர்ந்து வந்தால் குன்னாரோடு ஒருவரும் எம்பவில்லை. சுற்றிலும் இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

இடைவேளையில் குன்னாரின் முகம் சிவந்திருந்தது. வெயிலில் இல்லை, கோபத்தில். “என்னை மாப்பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள். இதற்கா வந்தேன்?”

நான் செல்வராசுவைத் தேடிப் போனேன். சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அவருகிட்ட வந்தா மட்டும் ஏன் நின்னுக்கறீங்க?”

“அப்பறம் என்னங்க பண்றது? அத்தனை தூரத்துல இருந்து வந்தவரைப் போயி இடிச்சுத் தள்றதுங்களா? எங்கூருல கேட்டா வெய்ய மாட்டாங்களா?”

முழங்கால் கதையைச் சொன்னேன். ஊர்க் கிளப்புக்கு அவர் சொல்ல வேண்டிய பதிலையும் சொன்னேன். “நீங்க உட்டுக் குடுத்தா, கால் நல்லாயிருக்குன்னு நெனச்சுக்கிட்டு அங்க போயி எல்லாரு முன்னாலயும் உழுவாருங்க.”

செல்வராசு பாட்டிலைக் கீழே வைத்தார். “அப்படிங்களா… அப்பச் சரிங்க. ஆனா உழுந்தா என்னை வெய்யக் கூடாதுங்க.”

இரண்டாம் பாதியில்தான் பேக் என்றால் யார் என்று பார்த்தேன். செல்வராசு பாய்ந்து வந்தார். குன்னார் பந்தின் மேல் விழவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, ஆட்டை ஓரங்கட்டுவது போல அவரைக் கோட்டுப் பக்கமே தள்ளிக்கொண்டு போய், கடைசியில் காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்தார். செல்வராசு மறுபடி வந்தார், குன்னார் மறுபடி எடுத்தார். சவரிமுத்து துள்ளினார். கால் தேறிவிட்டது, சித்திரையில் இவர் ஊரில் ஆடுவார் என்று என் மனசு சொன்னது.

மூன்றாம் முறை செல்வராசு வலப்பக்கம் போவது போலச் சாய்ந்து இடப்பக்கம் திரும்பினார். குன்னாரின் உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. மரம் சாய்வது போல விழுந்தார். பந்து கோலுக்குள் போனது.

கூட்டம் செல்வராசுவை ஏச ஆரம்பித்தது. “அறிவிருக்காய்யா, வெளிநாட்டுக்காரரப் போய்த் தள்ளிவுட்டியே!” அவர் தலைகுனிந்து நின்றார். கோல் போட்ட சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை. நான் சொல்லித்தானே அந்த மனிதர் ஏச்சு வாங்குகிறார்?

குன்னார் மண்ணில் உட்கார்ந்தபடி முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். நொண்டி நொண்டிச் செல்வராசுவிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கி இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். கூட்டம் அடங்கிவிட்டது.

“என்ன சொல்றாருங்க?” என்று செல்வராசு என்னைக் கேட்டார்.

“இன்னைக்கு நெசமா ஆடினது நீங்க ஒருத்தர்தானாம். நன்றி சொல்றாருங்க.”

செல்வராசுவின் கண் கலங்கியது. எனக்கும்தான்.

சவரிமுத்துவின் வீட்டில் கறிச்சோறு. அவர் மனைவி குன்னாரின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லித் துணி நனைத்துக் கொடுத்தார். குன்னார் நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்றரைக்கு நாமக்கல் பஸ். இந்த முறை பஸ் ஸ்டாண்டுக்குக் குதிரை வண்டியில் வந்தோம், அவரே முதலில் ஏறிக்கொண்டார். பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அவர் கம்பியைப் பிடித்து வலது காலில் மட்டும் நின்றார். உங்கள் ஊர்ப் பஸ்ஸில் இப்படி இடம் கொடுப்பார்களா என்று கேட்டேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் பார்க்கவே மாட்டார்கள் என்றார். ஜருகுமலை பின்னால் போனது. மல்லூரில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். அப்போது ஜன்னலோரமிருந்த ஒரு பெரியவர் குன்னாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“சாமி, உக்காருங்க.”

குன்னாரின் கை வழக்கம்போல மறுக்க உயர்ந்தது. பாதியில் நின்றது. அந்தப் பெரியவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கம்பியை விட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.