தாத்தாவுக்குக் காது கேட்காது

என் அக்கா காது டாக்டர் இல்லை. காது டாக்டரின் கிளினிக்கில் காதுகளைச் சோதிப்பவள். தெருவுக்கோ அவள் ‘காது டாக்டரம்மா’. மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள். சுவரெல்லாம் பஞ்சு அடைத்த சின்ன அறை, ஒரு ஹெட்போன், ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சான்றிதழுக்காகச் செவிட்டு வேஷம் போட்டு வருகிறவர்களை அவள் பிடிக்கும் விதமே தனி. ஹெட்போனில் இரைச்சலை ஓடவிட்டு, பேப்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். காது கேட்கிறவன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். நிஜமாகவே கேட்காதவனின் குரல் இம்மியும் ஏறாது. வாய் பொய் சொன்னாலும் தொண்டை சொல்லாது என்பது அவள் கட்சி.

அப்பேர்ப்பட்டவளால் பெற்ற அப்பாவை அந்த அறையில் உட்கார வைக்க முடியவில்லை. எழுபத்திரண்டு வயதில் அப்பாவுக்குக் காது மந்தமாகி, போன் எடுப்பதை நிறுத்தி, பேரப்பிள்ளைகளிடம் பேசுவதையும் நிறுத்தியிருந்தார். சோதனைக்குக் கூப்பிட்டால், “இது எங்கப்பா வழியில வந்தது. ரத்தத்துல இருக்கு. மெஷினுக்கெல்லாம் அடங்காது” என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இன்னும் ஒரு வருடம் விட்டால் மனுஷர் மூலையோடு மூலையாகிவிடுவார் என்று அக்கா என்னிடம் அழுதாள்.

தாத்தாவின் காது போனது ரத்தத்தால் அல்ல, மில்லில் பாய்லர் வெடித்ததால் என்பது எங்கள் வீட்டுச் சரித்திரம். அதற்கு ஒரு காகிதம் கிடைத்தால் போதும், அப்பாவின் வாதம் புஸ்ஸென்று போய்விடும் என்று அக்கா கிளம்பினாள். மில்லை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய பதிவேடுகள் தொழிற்சங்க அலுவலகத்தின் பரணில் கிடந்தன. மூன்று சனிக்கிழமைகள் அங்கே தும்மிவிட்டு, தாத்தா பெயர் போட்ட ஒரு பக்கத்தைப் படம்பிடித்துக்கொண்டு வந்தாள். வெடிப்பு நடந்த மூன்றாவது வாரத்தில் மில் டாக்டர் எழுதியிருந்தார்: இரு செவிகளும் நலம். அதற்குக் கீழே, அடுத்த வருடம் தாத்தாவை வேலை மாற்றிய இடம்: டெலிபோன் அறை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குடோனில் மூட்டை எண்ணுவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். பதினோரு வருடம், சாகும்வரை, பகலெல்லாம் டெலிபோனில் ஹலோ சொல்லிவிட்டு, மாலையில் வாசல்படி ஏறியதும் செவிடாகியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகான். இரண்டே அறையில் ஒன்பது பேர் இருந்த வீடு அது. ஒன்பது பேருக்கும் புகார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அக்கா சிரிக்கவில்லை. அதே பெயருள்ள வேறு யாருடைய பதிவாகவும் இருக்கலாம் என்றாள். நான் பிறந்த வருடம் அப்பா டேப்ரெக்கார்டர் வாங்கி, தாத்தாவைப் பேப்பர் படிக்கவைத்துப் பதிவு செய்த கேசட் ஒன்று பீரோவில் இருந்தது. போட்டோம். தாத்தா மழைச் செய்தியை நிதானமாகப் படிக்கிறார். நடுவில் சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. தாத்தாவின் குரல் எகிறுகிறது. மிக்ஸி நிற்கிறது. குரலும் இறங்குகிறது. அக்கா கேசட்டை நிறுத்திவிட்டு, “மாட்டிக்கிட்டாரு” என்றாள்.

அப்புறம்தான், அப்பாவின் தங்கையான அத்தை அடிக்கடி சொல்லும் ஒரு பழைய கதை எங்களுக்கு விளங்கியது. அந்த வீட்டில் யாருக்கு மனக்குறை என்றாலும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கொட்டிவிட்டுப் போவார்களாம்; செவிடன் காதில் ஊதிய சங்குதானே. பார்த்திருந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அத்தையும் அப்படி ஒருநாள் அழுதிருக்கிறாள். மறுநாளே மாப்பிள்ளை வீட்டாரோடு காபி ஆறிப்போனதற்காகச் சண்டை பிடித்துத் தாத்தா சம்பந்தத்தை முறித்துவிட்டார். காது கேட்காதவர், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எல்லாரும் மன்னித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி, கேசட்டைப் போட்டோம். மில் டாக்டர் எழுதிய பக்கத்தின் படத்தையும் மடியில் வைத்தோம். தன் அப்பா குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. மிக்ஸி ஓடிய இடத்தை அக்கா மூன்று தடவை ஓட்டிக் காட்டிய பிறகு அந்த மலர்ச்சி போய்விட்டது. ஹெட்போனைக் கழற்றினார். எங்களைப் பார்க்காமலே பேசினார்.

“வாராவாரம் நான்தான் அவருக்கு ஷேவிங் பண்ணிவிடுவேன். கேக்காதுன்னு, சிரிச்ச முகமா வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ‘எப்பதான் ஒழியப்போற’ன்னுகூடக் கேட்டிருக்கேன். அதையெல்லாம் கேட்டுக்கிட்டா கன்னத்தைக் காட்டிக்கிட்டு இருந்தாரு?”

பழைய புரட்டைத் தோண்டிய எங்களுக்கு இப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. அக்கா மன்னிப்புக் கேட்கப் போனாள். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கடைசி ஷேவிங் அன்னிக்கு நான் திட்டல. ரொம்ப முடியாம இருந்தாரு. ‘என்னை விட்டுட்டுப் போயிடாதப்பா’ன்னு சொன்னேன். அவரு காதுல விழாமலே போயிடுச்சேன்னு இத்தனை வருஷமா…”

அக்கா அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“விழுந்திருக்குப்பா. நல்லாவே விழுந்திருக்கு.”

அப்பா வெகுநேரம் அழுதார். நாங்கள் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார்.