அம்மன் நெற்றியில் ஒட்டிய சோறு



தெரணியகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகள் டவுனில் வடிவமைப்புப் படிக்கிறாள். காட்டைப் பார்த்துக் கற்று, குப்பையாகாத ஒரு பொருளைச் செய்து, ஆட்களைப் பாவிக்க வைத்துப் பார்க்கும்படி டீச்சர் சொல்லியிருந்தார். மகள் கெந்த மரத்தின் அகன்ற இலைகளை மீன் செதில்போல அடுக்கி, ஈர்க்கால் தைத்துத் தட்டுகள் செய்தாள். ரசம்கூட ஒழுகவில்லை.

திருவிழா அன்னதானத்துக்குக் கொண்டுபோனோம். கோயில் தலைவர் சிரித்தார்.

"ஏம்மா, ஆடு திங்கிற எலையிலயா சாமி சோறு? லன்ச் சீட்டுதான் சுத்தம்" என்று, தட்டில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுத்துக் காட்டினார்.

"சாப்பிட்ட பொறகு அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் எங்க போகுதுங்க மாமா?" என்று மகள் கேட்டாள்.

"அது ஒன் பரீட்சையில வராது, போ."

தட்டுகளை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மகள் அழுதாள்.

மறுநாள் அபிஷேகத்துக்கு, மலை ஓடையிலிருந்து இறங்கும் பீலியில் தண்ணீர் பிடித்தோம். பூசாரி குடத்தைச் சாய்த்ததும் புளித்த நாற்றம் அடித்தது. அம்மன் நெற்றியில் முந்தின நாள் சோறும் ஒரு துண்டு லன்ச் சீட்டும் ஒட்டியிருந்தன. பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தோம். ஓடை முழுக்க எச்சில் சீட்டுகள் கொழகொழவென்று கிடந்தன, ஈ மொய்த்தது.

தலைவர் அசரவில்லை. "இன்னொரு கொடம் மஞ்சத்தண்ணி ஊத்துங்க, சரியாயிரும்."

அந்த நாற்றத்தைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. நேராகப் போய் என் முந்தானையால் அம்மன் முகத்தைத் துடைத்தேன். பூசாரி தடுக்கவில்லை.

இப்போது அன்னதானத்துக்கு மகள் தைத்த தட்டோடுதான் போகிறேன். வரிசையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அம்மன் முகத்தைத் துடைத்த கை இனி அந்தச் சீட்டை ஏந்தாது.