விளக்கு வைக்கும் நேரத்து மூச்சு

திமிங்கிலம் கரையேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒதுக்கியிருந்த சின்ன அறையில் தேத்தண்ணீரும் கையுமாகக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு புள்ளி விழுந்தது. கடலில் இல்லை, வீடுகள் இருக்கிற இடத்தில்.

அது ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம். குட்டி ஈனச் சூடான கடலுக்கும் வயிறு நிரப்பக் குளிர்ந்த கடலுக்கும் ஆண்டுதோறும் போய்வருகிற சாதி. அந்த வழியை அறிவதற்காக வெளிநாட்டுக் குழு ஒன்று அதன் முதுகில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தியிருந்தது. எங்கள் பக்கம் வந்தால் கவனிப்பது என் வேலை. உப்பு நீருக்குள் இருக்கும்வரை கருவி ஊமை. திமிங்கிலம் மூச்சு விட மேலே வந்து, முதுகில் காற்றுப் பட்டால்தான் வானத்தில் சுற்றும் செய்மதிக்குச் செய்தி போகும். அதனால் எங்களுக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு மூச்சு.

முல்லைத்தீவுக்கு அப்பால் கொஞ்சக் காலமாக அதனிடமிருந்து பேச்சுமூச்சில்லை. பிறகுதான் இந்தப் புள்ளி. மறுநாளும் அதே இடத்தில், அதே விளக்கு வைக்கும் நேரத்தில் விழுந்தது. செத்து ஒதுங்கியிருந்தால் ஊரே நாறியிருக்கும். கருவியும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். இதுவோ பின்னேரம் மேலே வந்தது, கொஞ்ச நேரம் மூச்சு விட்டது, மறுபடி முங்கியது. வீடுகளுக்கு நடுவே, மண்ணுக்குள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அறைக் கதவைத் திறந்தே வைத்தேன்.

கருவி கழன்று யார் கையிலாவது அகப்பட்டிருக்கலாம் என்று, சமிக்ஞை பிடிக்கும் கைக்கருவியோடு ஸ்கூட்டரில் அந்தக் கரைக்குப் போனேன். "ஏரியல் வைச்ச சாமான் ஏதும் கடலிலை கண்டெடுத்தனியளோ?" என்று வீடு வீடாகக் கேட்டேன். இதே யாழ்ப்பாணத்தில், அளவெட்டியில் பிறந்து வளர்ந்தவள் கேட்கிற கேள்வியா அது? ஏரியல் வைத்த சாமான் வீட்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று போரைக் கண்ட எங்கள் சனத்துக்குத் தெரியாதா? எல்லா வாசல் படலையிலும் ஒரே பதில்தான்: "இல்லைப் பிள்ளை."

பொழுது பட்டது. வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையில் நின்றேன். ஒரு வீட்டுக்குள் விளக்கு எரிந்த கையோடு என் கைக்கருவி கீச்சிட்டது. கொஞ்சம் முன்னர் "இல்லை" என்று படலையைச் சாத்திய அம்மாவின் வீடு. சத்தம் கேட்டு வெளியே வந்தவர், என் கையைப் பார்த்தார். படலையைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒரு பழைய பெயின்ற் வாளி நிறையக் கடல்தண்ணீர். பக்கத்தில் ஒரு இளைஞனின் படம், முன்னால் விளக்கு. விளக்கடியில், ஈரம் துடைத்த சீலைத்துண்டின் மேல் எங்கள் கருவி.

"மருமகன்ரை வலையிலை வந்தது. வெடிச்சாலும் தண்ணிக்கை வெடிக்கட்டுமெண்டு வாளிக்கை போட்டம். ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? எங்கை எடுத்தனி, ஆர் தந்ததெண்டு எங்களையெல்லே விசாரிப்பினம்."

"பிறகேன் அம்மா வெளியிலை எடுக்கிறியள்?"

படத்தைக் காட்டினார். மகன். கடலட்டை எடுக்க முங்கினவன். படகு திரும்பி வந்தது, அவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "அவன் முங்கின பக்கந்தான் இதுவும் வந்தது. எவ்வளவு நேரமெண்டு தண்ணிக்கை கிடக்கிறது? மூச்சு விட வேணுமெல்லே."

அந்தக் கருவி என்னவென்று நான் அதுவரை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பயந்துதான் போனேன்.

திமிங்கிலக் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார். "கடைசியா அது மேலை வந்ததோ?"

"கருவிக்குள்ளை பதிவு கிடக்கு. கொண்டுபோய்த் திறந்து பாத்தால்தான் தெரியும்."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு கருவியை வாளிக்குள் இறக்கி, வாளியோடு என்னிடம் தந்தார். "தண்ணிக்கை வைச்சிரு. விளக்கு வைக்கிற நேரம் வெளியிலை எடு. நான் போன் எடுத்துக் கேப்பன், மூச்சு விட்டதோ எண்டு சொல்லு."

தண்ணீர் காலில் தளும்ப வாளியைக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் வரைபடத்தில் திமிங்கிலம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பலாலி வீதிக்கு வந்து சேர்ந்திருந்தது. பதிவைத் திறந்து பார்த்தோம். கடைசியாக ஆழத்துக்குப் போயிருக்கிறது, மேலே வந்திருக்கிறது, அதன் பிறகே கருவி கழன்றிருக்கிறது. போனில் சொன்னேன்.

"அப்ப அது இப்ப எங்கை, பிள்ளை?"

"தெரியாது அம்மா. எங்கையோ போய்க்கொண்டிருக்கும்."

"ஓம். போகட்டும்," என்றார்.

என் வேலை அதோடு முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் போன் வந்தது. கருவியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு "ஓம், விட்டது" என்பேன். பற்றரி செத்துப் புள்ளி விழுவது நின்ற பிறகும் வாளியைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. பற்றரி கதையை அவருக்குச் சொல்லவும் இல்லை. படித்தவள் செய்கிற வேலையா இது என்று என்னையே ஏசிக்கொண்டு, திரையில் புள்ளி இல்லாமலே "ஓம், விட்டது" என்றேன்.

ஒருநாள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நிற்கும்போது போன் வந்தது. வழக்கம்போல "விட்டது அம்மா" என்றேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார், மெல்ல. "இன்னும் விடேல்லை."

பஸ் இரைச்சல் அவர் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். அறை இருண்டு கிடந்தது. விளக்கைக்கூடப் போடாமல் வாளிக்குள் கைவிட்டுக் கருவியை எடுத்தேன், துடைத்தேன், மேசையில் வைத்தேன். செத்த கருவி அது. கை ஈரம் காயவில்லை, போன் அடித்தது.

"ஓம் பிள்ளை," என்றார். "இப்ப விட்டிட்டான்."