மேலாளர்கள் பொரிக்கும் கோழி

என் கணவர் மான்-சிக் இரண்டு பட்டம் வாங்கியவர். சியோலில் பெரிய நிறுவனமொன்றில் மேலாளராக இருந்தார். ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வேலை போன எல்லோரையும் போல நாங்களும் கோழி பொரிக்கும் கடை போட்டோம். வேலை போனாலும் பதவிப் பெயர் போகாத ஊர் இது. இன்றும் "மேலாளரே" என்று கூப்பிட்டால்தான் திரும்புவார்.

நேற்று பொரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. பழுது பார்க்கும் தொக்-சுவுக்குப் போன் போட்டேன்.

"அடுத்த வாரம்தான்க்கா வர முடியும். உங்க தெருவுல மட்டும் ஏழு மேலாளருங்க வரிசையில இருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, அந்தப் பழுது பார்க்குற வேலையையாவது கத்துக்கக் கூடாதா?"

"கவலைப்படாதே," என்றார் பெருமையாக. "உணவக நிர்வாகத்துல இன்னொரு பட்டத்துக்குச் சேர்ந்துட்டேன்."