சேவ் செய்யாமல் விட்ட கிதார் டோன்

காலை ஏழு மணியிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் எங்கள் குழுவின் கச்சேரி. கிதார் வாசிப்பவன் நான்; ஆனால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் என்னிடம் கிடையாது. சாப்ட்வேருக்குள் இருக்கிற ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் மாற்றி மாற்றித்தான் டோன் செய்கிறேன்.

எட்டரைக்கு ஒன்று அமைந்தது. எங்கள் பாடகர் செல்வம் அண்ணனுக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினேன்.

“தம்பி, இதுதான்! இனிமே கை வச்சுராத. மதியம் நேர்ல வாரேன்.”

கை வைத்தேன். இன்னும் கொஞ்சம் கனம் வேண்டுமென்று பெட்டியை மாற்றினேன், சாப்ட்வேரில் அதன் முன்னால் இருக்கிற மைக்கையும் நகர்த்தினேன். எல்லாம் கெட்டது. பழையதற்குத் திரும்பலாமென்றால், அதை சேவ் செய்யவே இல்லை.

மதியம் வரை எழுந்திருக்காமல் அதைத் தேடினேன். எத்தனையோ விதமாக முயன்றும் அது வரவில்லை. அதற்குள் அண்ணன் தல்லாகுளத்திலிருந்து பைக்கில் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கடைசியாகச் செய்ததை வாசித்தேன்.

கண்ணை மூடிக் கேட்டார். “அதேதான்டா தம்பி! இம்புட்டு நேரம் மாத்தாம வச்சிருந்தியே, அதுதான் பெருசு.”

“ஆமாண்ணே” என்றேன்.

அவர் போய் ஒரு மணி நேரமாகிறது. இன்னும் பழைய டோனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் இன்டர்நெட் பக்கமே வரமாட்டார் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். எங்கள் இருவரில் யாருக்குக் காது கோளாறு என்று மட்டும் சொல்லுங்கள்.